கியர் ராடு ஆடுகிறதா? புது ஷிஃப்டர் வாங்கும் முன் செய்யவேண்டிய வேலை

"இன்ஜின் நல்லா இருக்கு, பிரேக் பிடிக்குது, கியர் ராடு மட்டும் கூழ்ப் பானைக்குள்ள விட்ட அகப்பை மாதிரி ஆடுது." பழைய ஃபோர்டு மஸ்டாங் வாங்கியவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. அடுத்த வேலையாகப் பல நூறு டாலர் கொடுத்துப் புது ஷிஃப்டர் (கியர் ராடின் அசைவைக் கியர் பெட்டிக்குக் கடத்தும் அமைப்பு) ஒன்றை வரவழைத்துவிடுவார்கள். மாட்டி ஓட்டிப் பார்த்தால் ஆட்டத்தில் பாதி அப்படியே இருக்கும். கியர் ராடின் குமிழில் கைக்குத் தெரிகிற ஆட்டம் ஒரே இடத்தில் பிறப்பதில்லை. ஏழெட்டு மூட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வருவது அது. எந்த மூட்டு எவ்வளவு ஆடுகிறது என்று தெரியாமல் பாகம் மாற்றினால் காசுதான் போகும்.

இந்தக் கட்டுரை 1960களின் நடுவிலிருந்து 1973 வரை வந்த வி8 (எட்டு சிலிண்டர்) மஸ்டாங்கில், தரையில் கியர் ராடு உள்ள நான்கு கியர் 'டாப்லோடர்' கியர் பெட்டியை வைத்து எழுதியது. செவ்ரோலெட் கமாரோ, செவெல் கார்களின் மன்சி பெட்டி, கிரைஸ்லர் குடும்பத்தின் ஏ-833 ஆகியவற்றிலும் இணைப்பு ராடுகள் பெட்டிக்கு வெளியேதான் ஓடுகின்றன. முறை ஏறக்குறைய இதுவே, பாகங்கள்தான் வேறு. ஸ்டியரிங் தண்டில் கியர் ராடு இருக்கும் கார்களுக்கும், கியர் ராடு நேராகப் பெட்டியின் தலைக்குள்ளேயே இறங்கும் கார்களுக்கும் இது பொருந்தாது.

எது எங்கே இருக்கிறது

காருக்குக் கீழே போகும் முன் மனதில் ஒரு படம் வேண்டும். டாப்லோடருக்கு அந்தப் பெயர் வந்ததே அதன் மூடி மேலே இருப்பதால்தான். பத்து போல்ட் போட்ட மூடி. பக்கவாட்டில் திறக்கிற மூடி கிடையாது. ஓட்டுநர் பக்கம், அதாவது இடப்பக்கம், பெட்டியிலிருந்து மூன்று கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். முன்னே இருப்பது 3, 4-ம் கியருக்கு. பின்னே இருப்பது 1, 2-க்கு. நடுவில் இருப்பது ரிவர்சுக்கு. ஒவ்வொரு கையிலிருந்தும் ஒரு இணைப்பு ராடு (இனி வெறும் 'ராடு' என்றால் இதுதான், நீங்கள் பிடித்து ஓட்டுவது 'கியர் ராடு') பின்னோக்கிப் போய் ஷிஃப்டரின் அடியிலுள்ள மூன்று தகட்டு லீவர்களில் சேர்கிறது. ஷிஃப்டர் பெட்டியின் வால்பகுதியில் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். கார் பாடிக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும். ஷிஃப்டரின் தலையில் கியர் ராடு இரண்டு போல்ட்டில் நிற்கும், அல்லது சில ஆலைத் தயாரிப்புகளில் ரப்பர் இடையிட்டு நிற்கும்.

ராடு ஒன்றுக்கு இரண்டு முனை. மூன்று ராடுக்கு ஆறு முனை. ஒவ்வொரு முனையும் ஒரு துளைக்குள் திரும்புகிறது. துளைக்கும் முனைக்கும் நடுவில் ஒரு நைலான் புஷ் (உரசலைத் தாங்கும் சிறு வளையம்), வெளியே கழன்று வராமல் ஒரு ஸ்பிரிங் கிளிப். ஐம்பது வருடச் சூட்டிலும் எண்ணெயிலும் சாலை மணலிலும் அந்த நைலான் பொடிந்து உதிர்ந்துவிடும். பல கார்களில் துளையில் புஷ் இருந்ததற்கான அடையாளமே இருக்காது. இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருக்கும்.

இந்தச் சின்ன ஆட்டம் மேலே ஏன் பெரிதாகத் தெரிகிறது என்பதற்குக் கணக்கு எளிது. கியர் ராடு ஒரு நெம்புகோல். அது திரும்பும் அச்சுக்கு மேலே 10 அங்குலமும் கீழே 2 அங்குலமும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே 1 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் குமிழில் 5 மில்லிமீட்டர். ஒரே ராடின் இரண்டு முனையிலும் அப்படி இருந்தால் 10. அதன் மேல் கியர் ராடைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்வு, ஷிஃப்டர் போல்ட் தளர்வு எல்லாம் கூட்டல்தான்.

முதலில் மேலிருந்தே பாருங்கள்

இன்ஜினை நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு உட்காருங்கள். நியூட்ரலில் கியர் ராடு பக்கவாட்டில் தாராளமாக அசைவது இயல்பு, 1-2 வரிசைக்கும் 3-4 வரிசைக்கும் மாற அது வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதையே பழுது என்று எண்ணிவிடுகிறார்கள். ஆட்டத்தை அளக்க வேண்டியது கியரில் போட்ட பிறகு. 3-ல் போட்டு முன்னும் பின்னும் இலேசாக அசையுங்கள். குமிழின் பக்கத்தில் ஒரு அளவுகோலைப் பிடித்து எவ்வளவு என்று எழுதிவையுங்கள். 1, 2, 4, ரிவர்ஸ் ஒவ்வொன்றிலும் அப்படியே. ஒரு ராடின் கியர்களில் மட்டும் ஆட்டம் அதிகமாக இருந்தால் அந்த ராடின் புஷ்கள்தான் முதல் சந்தேகம். எல்லாக் கியரிலும் ஒரே அளவு என்றால் பழுது எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது: கியர் ராடின் அடி, ஷிஃப்டரின் உள்ளச்சு, அல்லது ஷிஃப்டரை வால்பகுதியில் பிடித்திருக்கும் போல்ட்கள்.

இருக்கைகளுக்கு நடுவே கன்சோல் இருந்தால் அதைக் கழற்றி, கியர் ராடின் அடியை மூடும் ரப்பர் உறையின் வளையத் திருகுகளையும் எடுத்து உறையை மேலே தூக்குங்கள். கியர் ராடு ஷிஃப்டரில் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியும். ஒரு கையால் ஷிஃப்டரின் தலையையும் மறு கையால் கியர் ராடையும் பிடித்து எதிரெதிராக அசைத்துப் பாருங்கள். அங்கே போல்ட் தளர்ந்திருந்தால் உங்கள் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது: போல்ட்டை எடுத்து, மரையைத் துடைத்து, புது லாக் வாஷரும் நடுத்தரப் பிடிப்புள்ள மரைப்பசையும் போட்டு இறுக்குங்கள். ரப்பர் இடையிட்ட வகையில் ரப்பர் பிளந்திருந்தால் இறுக்கிப் பயனில்லை, அந்தத் துண்டையே மாற்றவேண்டும்.

ஷிஃப்டர் என்று நினைக்கவைக்கும் வேறு பழுதுகள்

ரிவர்சில் போடும்போது கரகரவென்று பல் அரைபடுகிறதா? இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கிளச்சை முழுக்க மிதித்து, சில விநாடி பொறுத்துப் பிறகு ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் அரைபட்டால் கிளச்சு முழுதாக விடுபடவில்லை. டாப்லோடரில் முன்னோக்கிய நான்கு கியருக்கும் சிங்க்ரோ (பற்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சேர்க்கும் அமைப்பு) உண்டு, ரிவர்சுக்கு இல்லை. அதனால் கிளச்சுக் குறை முதலில் ரிவர்சில்தான் வாய் திறக்கும். கிளச்சு மிதியின் ஓட்டத்தைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். ஷிஃப்டரைத் தொட வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம்.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கியர் ராடு தானே ஒரு பக்கம் நகர்ந்து, விட்டதும் திரும்பி வருகிறதா? இது ஷிஃப்டர் பழுதே இல்லை. ஷிஃப்டர் பெட்டியில் உட்கார்ந்திருப்பதால், பெட்டி அசைந்தால் அதுவும் அசையும். இன்ஜினையோ கியர் பெட்டியையோ காரில் தாங்கிப் பிடிக்கும் மவுண்டின் ரப்பர் கிழிந்திருக்கிறது. வி8 முறுக்கும்போது பெரும்பாலும் இடப்பக்க இன்ஜின் மவுண்ட்தான் மேலே இழுபடும், அதனால் அதுவே முதலில் பிய்யும். இதை அலட்சியம் செய்யாதீர்கள். 1971 கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் செவ்ரோலெட்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது இந்த மவுண்ட் சமாசாரத்தால்தான். மவுண்ட் பிய்ந்து இன்ஜின் எழும்பினால் ஆக்சிலரேட்டர் இணைப்பு இழுபட்டுத் திறந்தே நின்றுவிடும் அபாயம் இருந்தது. ஃபோர்டு காரிலும் ரப்பர் ரப்பர்தான்.

ஓடும்போது கியர் தானே கழன்று நியூட்ரலுக்கு வருவது இரண்டு பக்கமும் சேரக்கூடிய பழுது. ராடின் நீளம் தப்பாக இருந்து கியர் முழுதாக ஏறாததால் வரலாம், பெட்டிக்குள் பல் தேய்ந்தும் வரலாம். எது என்று பிரித்துச் சொல்ல ஒரு சோதனை கீழே வருகிறது.

கருவிகள், முன்னெச்சரிக்கை

இது அங்குல அளவில் செய்த கார். மில்லிமீட்டர் ஸ்பேனர் "கிட்டத்தட்ட" பொருந்தும், பொருந்தி போல்ட் தலையை உருட்டையாக்கிவிடும். 7/16, 1/2, 9/16, 5/8 அங்குல ரிங் ஸ்பேனரும் பாக்ஸும் போதும். இவற்றோடு ஸ்க்ரூ டிரைவர், மூக்கு பிளேயர், கம்பித் தூரிகை, துருவிளக்கும் எண்ணெய், வெள்ளை லித்தியம் கிரீஸ், வார்னியர் அளவி. எல்லாவற்றையும் விட முக்கியமான கருவி 1/4 அங்குல விட்டமுள்ள நேரான கம்பி. அந்த அளவு டிரில் பிட்டின் வழவழப்பான பின்பாகம் கச்சிதமாக இருக்கும்.

காரின் நான்கு மூலையையும் தூக்கி, உறுதியான ஜாக் ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். அதை நம்பி அடியில் படுப்பது கூடாது. நிறுத்தியபின் காரைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மறுபடி நிறுத்துங்கள். பாட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். சைலன்சர் குழாய்கள் நீங்கள் கைவைக்கும் இடத்துக்கு அருகிலேயே போவதால் ஆறும்வரை காத்திருங்கள். கிளச்சை மூடிய உறைப் பக்கம் காற்றடித்துத் தூசி ஊத வேண்டாம். அந்தக் காலத்துக் கிளச்சுத் தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத் துணியால் துடையுங்கள்.

இருவர் சேர்ந்து செய்யும் சோதனை

ஒருவர் உள்ளே உட்கார்ந்து கியர் ராடை மெதுவாக முன்பின் அசைக்க, இன்னொருவர் விளக்கோடு அடியில் படுத்துப் பார்க்கவேண்டும். வேகமாக ஆட்டினால் எதுவும் புரியாது. பார்க்கவேண்டியது ஒன்றே: ஒரு பாகம் நகர்ந்து, அடுத்த பாகம் நகரத் தாமதிக்கும் இடம் எது? அந்த இடைவெளிதான் ஆட்டம்.

பின்னாலிருந்து முன்னாகப் போங்கள். ஷிஃப்டரின் உடலே வால்பகுதி மேல் அசைகிறதா? லீவர் நகர்ந்தும் ராடு நிற்கிறதா? ராடு நகர்ந்தும் பெட்டியின் கை நிற்கிறதா? கை நகர்ந்தும் அது மாட்டியிருக்கும் தண்டு நிற்கிறதா? கடைசியாகச் சொன்னதைப் பலர் பார்ப்பதில்லை. கையைத் தண்டில் இறுக்கும் நட்டு தளர்ந்து, தண்டின் தட்டைப் பகுதியும் கையின் துளையும் தேய்ந்திருந்தால், எத்தனை புஷ் மாற்றினாலும் அந்த ஆட்டம் போகாது.

சந்தேகமுள்ள ஒவ்வொரு இடத்திலும் சாக்பீசால் குறி போடுங்கள். கழற்றத் தொடங்கும் முன் பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக ராடின் வளைவு எந்தப் பக்கம் பார்க்கிறது, கிளிப் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது தெரியும்படி. மூன்று ராடும் பார்க்க ஒரே குடும்பம் மாதிரி இருக்கும், ஒன்றின் இடத்தில் ஒன்று மாட்டாது.

புஷ் மாற்றுதல்

கியர் ராடை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். துருவிளக்கும் எண்ணெயை முந்தின இரவே ஆறு முனைகளிலும் அடித்து வைத்தால் வேலை இலகு.

ஒரு நேரத்தில் ஒரு ராடு. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் கிளிப்பை நெம்பி எடுங்கள். அது எகிறிக் கண்ணில் படக்கூடியது, படுத்துக்கொண்டு மேலே பார்த்து வேலை செய்கிறீர்கள் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். ராடு முனையைத் துளையிலிருந்து இழுங்கள். மிச்சமிருக்கும் நைலானைச் சுரண்டி, துளையையும் முனையையும் கம்பித் தூரிகையால் பளபளக்கத் தேயுங்கள். அப்போதுதான் உண்மை நிலவரம் தெரியும்.

வார்னியரால் துளையை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் துளை வட்டம், புது புஷ் உட்காரும். முட்டை வடிவமாகியிருந்தால் புது புஷ் சீக்கிரமே உடையும். அதற்கு இரண்டு வழி. வெல்டிங் செய்து துளையை அடைத்து மறுபடி சரியான அளவில் துளைப்பது ஒன்று, அந்தக் கையையோ லீவரையோ மாற்றுவது இன்னொன்று. பெட்டியின் கைகள் தனியாகக் கிடைக்கின்றன, அவற்றை மாற்றிவிடுவதே என் விருப்பம். வெல்டிங் செய்வதானால் கையைக் கழற்றி மேசையில் வைத்துச் செய்யுங்கள். பெட்டியில் இருக்கும்போதே சுட்டால் உள்ளே தண்டின் ஓ-ரிங் (எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கருகிவிடும். ராடு முனையில் இடுப்பு விழுந்த மாதிரி தேய்வு இருந்தால் ராடு முழுவதையும் மாற்றவேண்டும், அதை நிரப்பிச் சரிசெய்வது நிலைக்காது.

பெட்டியின் கைகள் எண்ணெயில் நனைந்து கிடந்தால் அந்த ஓ-ரிங்குகள் போயிருக்கின்றன. அதை மாற்ற மேல் மூடியைத் திறந்து உள்ளே கைவைக்கவேண்டும். அது தனி வேலை, இன்றைக்கு வேண்டாம். எண்ணெய் மட்டத்தை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஊற்ற வேண்டியிருந்தால் ஜிஎல்-4 தரக் கியர் எண்ணெயை ஊற்றுங்கள், சிங்க்ரோ வளையங்களின் பித்தளைக்கு அதுவே பாதுகாப்பு.

புது புஷ் எதில் வாங்குவது என்பதில் மெக்கானிக்குகள் இரண்டு கட்சி. நைலான் சத்தமில்லாமல், அதிர்வு விழுங்கி வேலை செய்யும், விலையும் அற்பம், ஆனால் ஒருநாள் தேயும். எஃகு புஷ் நெடுநாள் வரும், கியர் மாறுவது சுருக்கென்று இருக்கும். ஆனால் இன்ஜின் அதிர்வு முழுவதும் உள்ளங்கைக்கு வரும், கொஞ்ச நாளில் கிணுகிணுக்கவும் தொடங்கும். பந்தயத்துக்கு ஓட்டாத காருக்கு நைலான் போதும் என்பேன். எதை வாங்கினாலும் ராடின் விட்டத்தையும் துளையின் விட்டத்தையும் அளந்து வாங்குங்கள். எல்லா ஷிஃப்டருக்கும் ஒரே புஷ் பொருந்தாது. பழைய கிளிப்புகளை மறுபடி பயன்படுத்தவே கூடாது, புஷ் தொகுப்போடு புதியவை வரும்.

புஷ்ஷில் மெல்லிதாக கிரீஸ் தடவி, துளையில் விரலாலோ பிளேயராலோ அழுத்தி உட்காரவையுங்கள். சுத்தியால் தட்டினால் நைலானின் விளிம்பு நறுங்கும். கிரீசை அள்ளிப் பூசுவதும் தவறு, மணலைப் பிடித்துவைத்துத் தேய்க்கும் பசையாக மாறிவிடும்.

பெட்டி நலமா என்று பார்க்க இதுவே நேரம்

மூன்று ராடும் கைகளிலிருந்து கழன்றிருக்கும் நிலையில் ஒவ்வொரு கையையும் உங்கள் கையாலேயே நகர்த்திப் பாருங்கள். முன் கைக்கும் பின் கைக்கும் மூன்று நிலை: முன்னே ஒரு கியர், நடுவில் நியூட்ரல், பின்னே ஒரு கியர். ரிவர்ஸ் கைக்கு இரண்டே நிலை. ஒவ்வொரு நிலையிலும் "டக்" என்று தெளிவாக உட்காரவேண்டும். அப்படி உட்கார்ந்தால் பெட்டியின் உள்ளமைப்பு பெரும்பாலும் நலம், பழுது வெளியில்தான். உட்காராமல் வழவழவென்று போனால், அல்லது ஓடும்போது கியர் கழல்வது இங்கே எல்லாம் சரிசெய்த பிறகும் தொடர்ந்தால், பெட்டியை இறக்கிப் பார்க்கவேண்டும்.

ஒரு கை நகரமாட்டேன் என்று அடம்பிடித்தால் பலம் காட்டாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழாமல் தடுக்க உள்ளே ஒரு பூட்டு இருக்கிறது. வேறொரு கை நியூட்ரலில் இல்லை என்றே அர்த்தம். அதை நடுவுக்குக் கொண்டுவந்தால் இது விடும்.

நியூட்ரல் ஒழுங்கு

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. புஷ் மாற்றத் தெரிந்த பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, கியர் சிக்குகிறது என்று புதுப் புகாரோடு நிற்பார்கள். புது புஷ் போட்டதும் ராடின் செயல்படும் நீளம் மாறிவிடுகிறது. பழைய அமைப்பு பழைய ஆட்டத்துக்கு ஏற்ப யாரோ செய்தது.

பெட்டியின் மூன்று கைகளையும் நியூட்ரலில் வையுங்கள். பின்சக்கரங்கள் தூக்கியிருக்கும்போது டிரைவ் ஷாஃப்டைக் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுழலவேண்டும். பிறகு ஷிஃப்டரைப் பாருங்கள். அதன் சட்டத்திலும் மூன்று லீவர்களிலும் ஒரே நேரில் வரும்படி ஒரு துளை இருக்கும். கியர் ராடை நியூட்ரலில் நடுவாக வைத்து 1/4 அங்குலக் கம்பியை அந்தத் துளைக்குள் நுழையுங்கள். மூன்று லீவரையும் ஊடுருவி மறுபக்கம் எட்டவேண்டும். இப்போது ஷிஃப்டர் நியூட்ரலில் பூட்டப்பட்டுவிட்டது, பெட்டியும் நியூட்ரலில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ராடு சரியான நீளத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஃபோர்டின் ஆலை ஷிஃப்டராக இருந்தால் ராடில் நீள்துளையும் நட்டும் இருக்கும். நட்டைத் தளர்த்தி, ராடு தானே அதன் இடத்தில் நிற்கவிட்டு, அசையாமல் இறுக்குங்கள். இறுக்கும்போது ராடு சேர்ந்து திரும்பாமல் இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளவேண்டும். ஹர்ஸ்ட் நிறுவனத்தின் ஷிஃப்டரில் ராடின் மரைமுனையில் ஒரு பொத்தான் திருகியிருக்கும். அதை உள்ளேயும் வெளியேயும் திருகிப் பார்த்து, லீவர் துளைக்குள் தானாக விழுகிற அளவில் நிறுத்துங்கள். "தானாக" என்பதை அழுத்திச் சொல்கிறேன். கொஞ்சம் இழுத்தால், கொஞ்சம் தள்ளினால் பொருந்தும் என்றால் அது பொருந்தவில்லை. அரைச் சுற்று மாற்றி மறுபடி பாருங்கள். மூன்று ராடுக்கும் இதே நிதானம் வேண்டும்.

கிளிப்புகளை மாட்டிவிட்டுக் கம்பியை உருவுங்கள். தடையில்லாமல் வரவேண்டும். எல்லாக் கியரும் ஒரு சுற்றுப் போட்டு நியூட்ரலுக்குத் திரும்பி, கம்பியை மறுபடி நுழையுங்கள். இலகுவாக நுழைந்தால் ஒழுங்கு சரி. நெருடினால் எந்த லீவரில் இடிக்கிறது என்று பார்த்து அந்த ராடை மட்டும் திருத்துங்கள்.

நிறுத்து போல்ட்கள்

ஹர்ஸ்டின் காம்பெட்டிஷன் பிளஸ் போன்ற ஷிஃப்டர்களில் முன்னும் பின்னும் இரண்டு நிறுத்து போல்ட்கள் உண்டு. வேகமாகக் கியர் மாற்றும்போது கையின் பலம் முழுவதும் பெட்டிக்குள் கியரை நகர்த்தும் ஃபோர்க்குகளில் போய் இடிக்காமல் இந்தப் போல்ட்கள் வாங்கிக்கொள்கின்றன. புஷ் மாற்றிய பிறகு இவற்றையும் அமைக்கவேண்டும். இரண்டையும் சில மரை மட்டும் மிஞ்சும்வரை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பவரைக் கியர் ராடை 3-ல் போட்டு உறுதியாகத் தள்ளிப் பிடிக்கச் சொல்லி, அதற்குரிய போல்ட்டைத் தொடும்வரை திருகுங்கள். கையை விட்டபின் இன்னும் எவ்வளவு திருகவேண்டும் என்று ஷிஃப்டரோடு வரும் தாளில் இருக்கும், அதன்படி செய்து லாக் நட்டை இறுக்குங்கள். 4-ல் இழுத்துப் பிடித்து மற்றதையும் அப்படியே. அளவு மீறி உள்ளே போனால் கியர் முழுதாக ஏறாமல் ஓடும்போது கழலும். வெளியே அதிகம் நின்றால் போல்ட் இருந்தும் இல்லாததும் ஒன்றே.

ஷிஃப்டரையே மாற்றவேண்டி வந்தால்

புஷ், போல்ட், மவுண்ட் எல்லாம் சரியாக இருந்தும், 1/4 அங்குலக் கம்பி நுழைந்த நிலையிலேயே கியர் ராடு ஆடினால், ஷிஃப்டரின் உள்ளச்சு தேய்ந்துவிட்டது. ஆலை ஷிஃப்டர்களுக்கு உள்பாகத் தொகுப்புகள் கிடைக்கின்றன, பிரித்துக் கோக்கப் பொறுமை உள்ளவர்கள் செய்யலாம். மற்றவர்களுக்குப் புதியதே நல்லது. ஜார்ஜ் ஹர்ஸ்ட் தொடங்கிய நிறுவனத்தின் ஷிஃப்டர்கள் 1964 பான்டியாக் ஜிடிஓவிலேயே ஆலையிலிருந்து வந்தன. 1970-ல் ஃபோர்டும் நான்கு கியர் மஸ்டாங்குகளில் அதையே போட்டது. ஆகவே மஸ்டாங்கில் ஹர்ஸ்ட் என்பது அந்நியப் பொருள் இல்லை.

வாங்கும்போது ஒரு விஷயம். ஷிஃப்டர், அதைப் பொருத்தும் தொகுப்பு (ராடுகள், கைகள், பொருத்தும் தகடு), மேலே வரும் கியர் ராடு மூன்றும் தனித்தனியாக விற்கப்படலாம். பெட்டியின் வால்பகுதியில் ஷிஃப்டர் உட்காரும் இடம் காருக்குக் கார் மாறும். மஸ்டாங்கில் இருப்பது ஃபோர்டின் வேறு கார்களான ஃபேர்லேன், கேலக்ஸியில் அப்படியே இராது. பெட்டிகளும் ஐம்பது வருடத்தில் கார் மாறியிருக்கலாம். பெட்டியில் 'ஆர்யூஜி' என்று தொடங்கும் எண்ணுள்ள சிறு உலோகச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதைப் படித்து, அந்த எண்ணைச் சொல்லி வாங்குங்கள். சீட்டு இல்லை என்றால் வால்பகுதியைப் படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள்.

கழற்றும்போது ஷிஃப்டரில் சேர்ந்திருக்கும் சின்னச் சங்கதிகளை மறக்கவேண்டாம். ரிவர்ஸ் விளக்கின் சுவிட்ச் அங்கேதான் இருக்கும். 1960களின் நடுவில் வந்த ஆலை ஷிஃப்டரில் குமிழுக்குக் கீழே டி வடிவப் பிடி இருக்கும், அதைத் தூக்கினால்தான் ரிவர்ஸ் விழும். புது ஷிஃப்டரில் பெரும்பாலும் அது இல்லை. பதிலாக ஸ்பிரிங்கை எதிர்த்து இடப்பக்கம் அழுத்தி ரிவர்சுக்குப் போகவேண்டும். வீட்டில் வேறு யாராவது காரை எடுப்பார்கள் என்றால் முதலிலேயே காட்டிவிடுங்கள். 1970-லிருந்து வந்த ஃபோர்டுகளில் சாவி ஸ்டியரிங் தண்டுக்கு இடம் மாறியது. ரிவர்சில் போட்டால்தான் சாவி வரும்படி கீழிருந்து இன்னொரு ராடு அங்கே போகும். அதையும் மறுபடி மாட்டி, சாவி வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

கழற்றிய பழைய ஆலை ஷிஃப்டரைத் தூக்கிப் போடாதீர்கள். எண்ணெய் தடவி, போல்ட்களோடு ஒரு பையில் கட்டி, எந்தக் காரினது என்று எழுதி வையுங்கள். காரை விற்கும் நாளில் அசல் பாகம் கேட்கிறவர்கள் அதற்குத் தனியாகவே விலை வைப்பார்கள்.

இறக்கும் முன்னும் பின்னும்

கார் ஸ்டாண்டில் இருக்கும்போதே ஒவ்வொரு கியரிலும் போட்டு, ராடுகள் எதிலாவது உரசுகிறதா என்று பாருங்கள்: குறுக்குச் சட்டம், சைலன்சர் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், காரின் தரை. ஒரு தாள் நுழையும் இடைவெளி போதாது, இன்ஜின் முறுக்கும்போது எல்லாமே நகரும். ரப்பர் உறையை மாட்டும்போது அது கியர் ராடை எந்தக் கியரிலும் பின்னிழுக்காதபடி தளர்வு விடுங்கள். இறுகிய புது ரப்பர் உறை 2-ம் கியரிலிருந்து கியர் ராடை வெளியே தள்ளுவது உண்டு.

பாட்டரியை இணைத்து, ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். முதலில் அளந்து எழுதிவைத்த ஆட்டத்தை மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்கள். ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு கியரிலும் ஒருமுறை அழுத்தி, ஒருமுறை சட்டென்று விட்டுப் பாருங்கள். கியர் கழன்றால் நிறுத்து போல்ட்டையும் அந்த ராடின் நீளத்தையும் மறுபடி சோதியுங்கள். கழலவில்லை என்றால் சில நாள் ஓட்டிவிட்டு ஒருமுறை அடியில் போய், ஷிஃப்டர் போல்ட், கைகளின் நட்டு, கியர் ராடின் இரண்டு போல்ட் மூன்றையும் ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள். புதிதாக இறுக்கியவை முதல் சூட்டில் கொஞ்சம் இளகும்.